புகையில்லாக் கரி

2009 பெப்ரவரியில் லண்டனில் பனி கொட்டிய வாரம், மிச்சம் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோனது. பார்க்க வந்த தமிழ்க் கேஸ்காரர், புதுச் சாமான் வர ஐந்து நாளாகும் என்றார். முன்னறையில் பழைய கணப்பு ஒன்று பலகை அடித்து மூடிக் கிடந்தது. என் கணவர் பலகையைக் கழற்றினார்.

முதலில் விறகு. தான் வேலை செய்த கடையின் பின்புறம் கிடந்த, சாமான் அடுக்கி வரும் மரத்தட்டுகளை உடைத்துக் கொண்டுவந்தார். சடசடவென்று எரிந்து அரை மணித்தியாலத்தில் சாம்பலானது. அறையெல்லாம் புகை. "பலகை ஈரம்," என்றார். அடுத்த நாள் பெற்றோல் நிலையத்தில் நிலக்கரி வாங்கினார். சூடு தங்கியது, தார் மணமும் தங்கியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருவர், வயதானவர், கதவைத் தட்டினார். இந்தப் பகுதியில் புகைக்கும் கரி எரிக்கக் கூடாதாம், கவுன்சில் அபராதம் போடுமாம். தன்னிடமிருந்த புகையில்லாக் கரியில் ஒரு பை தந்துவிட்டுப் போனார்.

அது புகைக்கவில்லை, மணக்கவுமில்லை. மணிக்கணக்காகச் சிவந்து கிடந்தது. "முதலே இதை வாங்கியிருக்கலாம்," என்றார் கணவர். கதவிடுக்கில் துவாயைச் செருகிக்கொண்டு இரண்டு நாள் அந்த அறையிலேயே இருந்தோம். இருவருக்கும் தலையிடி. அவருக்கு வேலைக்குப் போனதும் விட்டுவிடும். எனக்குச் சளித் தடிமன் என்று நினைத்துக் குளிசை போட்டேன்.

ஐந்தாம் நாள் கேஸ்காரர் வந்தபோது நான் தனியாக இருந்தேன். கதவைத் திறக்கப் போகக் கால் தள்ளாடியது. அவர் முன்னறைக்குள் கால் வைத்ததும் இடுப்பிலிருந்த சின்னக் கருவி கத்தியது.

"அக்கா, வெளியில வாங்கோ. இப்பவே."

"கோட்டு..."

"நான் எடுத்துத் தாறன். நீங்கள் நடவுங்கோ."

யன்னல்களைத் திறந்து, ஆம்புலன்சுக்குப் போன் அடித்துவிட்டு, என்னுடன் பனியில் நின்றார். "புகைபோக்கி அடைச்சுக் கிடக்குது. விறகெண்டா புகை தாங்காமல் நீங்களே வெளியில வந்திருப்பீங்கள். இந்தக் கரியில வாற நச்சு வாயுவுக்குப் புகையுமில்லை, மணமுமில்லை, ஒண்டும் தெரியாது."

ஆஸ்பத்திரியில் பின்னேரம் வரை முகமூடி போட்டு ஒட்சிசன் தந்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை. என் கணவருக்குத்தான் வந்தது. பிறகு பல வாரம், மத்தியானத்தில் வேலையிடத்திலிருந்து போன் எடுப்பார்.

"என்ன செய்யிறீர்?"

"சமைக்கிறன்."

"சரி," என்று வைத்துவிடுவார்.