எட்டு கேபியில் ஒரு சலீம்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு புதையல் இருக்கிறது, சொன்னால் சிரிக்கக் கூடாது. ஆயிரத்துச் சொச்சம் பழைய வீடியோ கேம்கள். டிவியில் பெட்டியைச் செருகி விளையாடிய காலத்துக் கேம்கள். இன்று ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஃபைல். வருஷத்துக்கு ஒருமுறையாவது அவற்றை எடுத்து அடுக்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். இந்த முறை, வேண்டாததைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் ஒரு மென்பொருளையும் ஏவிவிட்டேன். அது அலசிவிட்டு ஒரே ஒரு ஃபைலைக் கொண்டுவந்து நிறுத்தியது. எட்டு கேபி. 'இதைத் திறக்க எதுவும் இல்லை. நீக்கிவிடலாமா?'

அடப்பாவி, அது சலீம்!

சலீமுக்கு வருவதற்கு முன் ஒரு வாசனையைச் சொல்லிவிடுகிறேன். ஏசிக் குளிர், அதில் மல்லிகை ஸ்ப்ரே, அதையும் மீறிக் கிளம்பும் சாக்ஸ் நாற்றம். 2005-இல் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ரவி அண்ணனின் பிரவுசிங் சென்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆறு கம்ப்யூட்டர். டிகிரி முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குரும்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில், இன் பண்ணிய சட்டையோடு வருவேன். "எம் மவன் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது. நான் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஃபைல் என்றால் ஒன்றே ஒன்றுதான். ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், என் மார்க் ஷீட்டுகள் எல்லாம் இருந்த மஞ்சள் பிளாஸ்டிக் உறை. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் அதைத் திறக்கும் அதிகாரமும் எனக்குத்தான். ஆறாம் வகுப்பிலேயே ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் அது என்ன என்று பென்சிலால் எழுதி வைத்தவன். அப்படிப்பட்டவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்?

சென்டருக்கு விளையாட வரும் சலீமின் மாமா துபாயிலிருந்து வந்தபோது சிடி நிறையக் கேம்களைச் சென்டருக்குக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் ஆறாம் நம்பர் மெஷினில் கொட்டி வைத்திருந்தோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரப்போகிற வாரம், ரவி அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரிசல்ட் அன்னிக்கு மெஷின் முக்குச்சுன்னா சனம் நம்மள முக்கிடும். அந்த ஆறாம் நம்பர் குப்பைய கொஞ்சம் கூட்டித் தள்ளு."

கூட்டித் தள்ளுவதா? எனக்குத் திருவிழாவே வந்துவிட்டது! ஃபைல் பெயர்களெல்லாம் அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியும் எண்ணுமாக, அடித்தல் திருத்தல் போட்ட விடைத்தாள் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்தேன். திறந்தால் ஒரு பாட்டு, ஒரு நிறம், யாரோ ஒருவன் துள்ளி ஓடுகிறான்! பார்த்ததும் பெயரை மாற்றினேன். 'பச்சை கார்', 'கோழிச் சண்டை 1', 'கோழிச் சண்டை 2', 'தண்ணியில் நடப்பவன்'. ஒரு ஆள் விளையாடுவதற்கு ஓர் அடுக்கு, இரண்டு பேருக்கு ஓர் அடுக்கு. புதன், வியாழன் இரண்டு நாளும் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. நடுநடுவே எட்டு கேபியில் பொடிப் பொடியாக ஏகப்பட்ட ஃபைல்கள் கிடந்தன. சொடுக்கினால் திறக்கவில்லை. திறக்காதது குப்பை என்று முடிவு கட்டி, அத்தனையையும் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினேன். தொட்டியைக் காலி செய்யவில்லை. எவ்வளவு கூட்டினேன் என்று ரவி அண்ணனிடம் காட்ட வேண்டாமா? அந்த அற்பப் பெருமைதான் பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது.

வெள்ளிக்கிழமை காலை சலீம் மூச்சு வாங்க மாடியேறி வந்தான். லெப்பைக்குடிக்காட்டுக்காரன், என் வயசு. எட்டு மாதமாக ஆறாம் நம்பரில் ஒரே கேமைத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். வாளோடு ஒருவன் காடு மலையெல்லாம் சுற்றுகிற கேம், முழுக்க ஜப்பான் மொழி. தொடக்கத்தில் நாயகனுக்கு நான்கெழுத்தில் பெயர் கேட்கும். எழுத்து தெரியாததால், பார்க்க அழகாக இருந்த நான்கைப் போட்டிருந்தான். ஒன்று நாற்காலி மாதிரி, அடுத்தது மீன்முள், பிறகு கொக்கி, மறுபடி நாற்காலி. செவ்வாய்க்கிழமைதான் கடைசிக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

"கீழ வேன் நிக்கிது. இன்னிக்கு துபாய்க்கு ஃபிளைட்டுடா, திருச்சிலேர்ந்து. பாஸ்போர்ட்டு ஜெராக்ஸுன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன். அரை மணி நேரம். முடிச்சுட்டுப் போயிடுறேன்."

பெருமையாக 'வாள்காரன், பெரிசு' என்ற ஃபைலைத் திறந்து கொடுத்தேன். திரையில் 'புது ஆட்டம்' என்பதற்கான கட்டம் மட்டும் மினுக்கியது. வேறு எதுவும் இல்லை.

"டேய், என் ஆளு எங்கடா?"

சொன்னேன். கூட்டியதை, பெயர் மாற்றியதை, எல்லாவற்றையும். அவன் திட்டியிருந்தால் தேவலை.

"எட்டு மாசம்டா" என்றான், மெதுவாக.

குப்பைத் தொட்டியைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் பொடி ஃபைல்கள். பெயர்களைப் பார்த்தேன். நான் மாற்றுவதற்கு முன் கேம்களுக்கு இருந்த அதே அடைப்புக்குறி, அதே ஆச்சரியக்குறி! அப்போதுதான் மஞ்சள் உறை ஞாபகம் வந்தது. டி.சி.யில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறு பெயர் என்றால் இரண்டும் ஒரே ஆளுடையது என்று எந்த ஆபீஸில் ஒத்துக்கொள்வார்கள்? இந்தப் பொடி ஃபைல்தான் எங்கே நிறுத்தினோம் என்ற குறிப்பு. கேமுக்கும் அதற்கும் ஒரே பெயர் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்.

"செவ்வாக்கிழம எத்தன மணிக்கு மெஷின விட்டு எந்திரிச்ச?"

"அஸர் தொழுவ நேரம். நாலே முக்கால் இருக்கும்."

தேதி வாரியாக அடுக்கினேன். செவ்வாய், நாலு நாற்பத்திரண்டு. ஒரே ஒரு ஃபைல்! தொட்டியிலிருந்து மீட்டு, வாள்காரனுக்கு அதன் பழைய பெயரையே திருப்பிச் சூட்டித் திறந்தேன்.

நாற்காலி, மீன்முள், கொக்கி, நாற்காலி.

சலீம் என் முதுகில் விட்ட அறை இன்னும் எரிகிறது. மற்ற ஐந்து மெஷின்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். கதவு திறந்தது. உள்ளே மூன்று தலையோடு ஒரு பூதம். ஒரே நிமிஷத்தில் ஆள் காலி. பரவாயில்லை, குறிப்பு இருக்கிறதே! மறுபடி கதவுக்கு முன்னால்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். சலீமின் அத்தா.

"ஜெராக்ஸ் எடுக்க இவ்ளோ நேரமாடா? வேன்ல பொம்பளைங்க வெந்துகிட்டு இருக்காங்க!"

"அத்தா, ரெண்டே நிமிஷம்."

"என்னடா அது?" என்று குனிந்தார். கோபமாகத்தான் குனிந்தார். ஒரு தலை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. "எடது பக்கம் வர்றான் பாரு, ஒதுங்கு! ஒதுங்குடா!" என்று பக்கத்தில் நின்ற என் தோளைப் பிடித்து உலுக்கியவர் அவர்தான்.

மூன்றாவது தலை விழுந்தபோது போட்ட கூச்சலில் ரவி அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். திரையில் ஏதேதோ ஜப்பான் எழுத்துகள் நீளமாக ஓடின. என்ன எழுதியிருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அத்தா மட்டும் கடைசி வரி வரை நின்று பார்த்தார்.

"ஜெயிச்சாச்சுல்ல? கெளம்பு."

சலீம் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பேர மாத்திப்புடாதடா" என்றான். வேன் திருச்சிப் பக்கம் திரும்பும்வரை மாடியிலிருந்து கை காட்டினோம்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஜெயித்ததை அந்தக் கேம் எழுதி வைக்கவில்லை. எழுத்துகள் ஓடி முடிந்ததும் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. குறிப்பைத் திறந்தால் வாள்காரன் இன்னும் கதவுக்கு முன்னால்தான் நின்றான்.

இன்று அந்த மாடியில் கண்ணாடிக் கடை இருக்கிறது. ரிசல்ட் பார்க்க யாரும் படியேறுவதில்லை. சலீம் இரண்டு முறை லீவில் வந்தான். அத்தா மவுத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு, குடும்பத்தையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கேம் ஃபைல் ஏதோ ஒரு மெஷினோடு தொலைந்துபோனது. ஃபிளாப்பியில் தனியாக எடுத்து வைத்திருந்த அந்த எட்டு கேபி மட்டும் என்னோடு நான்கு கம்ப்யூட்டர் மாறி வந்திருக்கிறது. அதற்குள் நேரம் இன்னும் செவ்வாய்க்கிழமை நாலு நாற்பத்திரண்டு. சலீம் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அத்தா லெப்பைக்குடிக்காட்டில் அஸர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

நீக்கிவிடலாமா என்று மென்பொருள் இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அழுத்தினேன்.