பிசிறு என்று நினைத்து வெட்டிய இமை முடி

இன்று கண் டாக்டரிடம் கையும் டிரிம்மருமாக மாட்டிக்கொண்டேன்!

(டிரிம்மர் என்றால் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி. கைப்பையில்தான் இருந்தது. கம்பெனியிலிருந்து நேராகப் போனால் அப்படித்தான்.)

தெரியாதவர்களுக்கு: எனக்குப் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவேன். இடமும் வலமும் ஒத்துப்போகாவிட்டால் பீஸைத் திருப்பி அனுப்புவேன். கண்தான் எனக்குச் சோறு போடுகிறது.

அந்தக் கண்ணில், வலது பக்கம் மட்டும், பிரஷர் ஏறிவிட்டது. கிளாக்கோமா.

கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு தண்ணீர் ஊறுமாம். (கண்ணீர் இல்லை, அது வேறு டிபார்ட்மென்ட்.) அது சரியாக வெளியேறாவிட்டால் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்குமாம். போன பார்வை திரும்பாதாம்.

ஊறுவதைக் குறைக்கும் சொட்டு மருந்தும் உண்டு. எனக்கு வீசிங் இருப்பதால் அது வேண்டாமென்று, சில மாதங்களுக்கு முன்பு டாக்டரம்மா, தண்ணீர் வடிய இன்னொரு வழியைத் திறந்துவிடும் மருந்தைக் கொடுத்தார். தூங்கப்போகும்போது வலது கண்ணில் ஒரு சொட்டு.

இதில் பிரஷர் இறங்காவிட்டால் ஆபரேஷன் என்றும் சொல்லியிருந்தார். இறங்கியதா இல்லையா என்று பார்க்கத்தான் இன்று போய் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏனுங்க, மருந்து ஊத்தறீங்களா இல்லீங்களா? இந்நேரம் இந்தக் கண்ணுல இமை முடி நீளமா வளந்திருக்கோணுமே. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது."

அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணமாம். முதலிலேயே என்னிடம் சொன்னாராம். (ஆபரேஷன் என்ற வார்த்தைக்குப் பிறகு என் காதில் எது விழுந்தது?)

கூட வந்திருந்த வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன்.

"வளந்துச்சுங்க. ஒரு பக்கம் மட்டும் நீட்டமா இருக்கவும் பிசிறு மாதிரி தெரிஞ்சுதுங்க. அளவு பாத்து வெட்டி உட்டுட்டனுங்க."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். அப்புறம் விழுந்தது டோஸ். கண் பக்கம் கத்தரியைக் கொண்டுபோகவே கூடாதாம்.

பிறகு பிரஷர் பார்த்தார்.

"நல்லா எறங்கிருச்சுங்க. ஆபரேஷன் வேண்டாம். மருந்த மட்டும் நிறுத்தீராதீங்க."

அய்யோ, அந்த நாற்காலியிலேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பேன்! வரும் வழியில் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் என் செலவு. வீட்டுக்காரர் டிரிம்மரைப் பறிமுதல் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் கண் பிரஷர் பார்த்து எவ்வளவு நாளாச்சு? ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

என் வலது இமை முடி இனி இஷ்டத்துக்கு நீளட்டும். எங்கள் செக்கிங் டேபிளில் இது ரிஜெக்ட்தான். ஆனால் டாக்டரம்மா பாஸ் போட்டுவிட்டார்!