டென்மார்க் துரை வீட்டு அடுப்படி

துரைமார் வீட்டுச் சமையல் வேலை என்பது பாதி நேரம் அடுப்போடும், மீதி நேரம் அவர்கள் ஊர் வழக்கத்தோடும் மல்லுக்கட்டுவது. அந்த வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் இங்கிலீஷ் துரைகளிடம் பழகியவன். வெள்ளைக்காரர் எல்லாம் ஒரே மாதிரிதான் சாப்பிடுவார்கள் என்று நம்பித்தான் போடியிலிருந்து புறப்பட்டு, குரங்கணிக்கு மேலே இருந்த அந்தக் காப்பித் தோட்டத்துக்கு ஏறினேன். இந்தத் துரையும் துரைசாணியும் டென்மார்க்காம். துரைசாணி தரங்கம்பாடியில் ஒரு பாதிரியாரிடம் தமிழ் படித்தவர். அச்சடித்த புத்தகம் வாய் திறந்து பேசுவது போல இருக்கும் அவர் தமிழ்.

மூடாத ரொட்டி

அவர்களுக்கு வெள்ளை ரொட்டி ஆகாது. கறுப்பாக, புளிப்பாக, கனமாக வேண்டும். அதற்கான தானியம் நம் பக்கம் விளையாது என்று சொன்னதும், கேழ்வரகில் செய்யச் சொன்னார் துரைசாணி. மாவைப் புளிக்கவைத்துச் சுட்டேன். முதல் ரொட்டியை அரிவாளால்தான் வெட்ட முடிந்தது. துரை அதைத் தட்டிப் பார்த்து, "ஏறக்குறைய எங்கள் ஊர் ரொட்டி" என்று மகிழ்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு விட்டார்களா? ஒரு துண்டில் வெண்ணெய் தடவி, மேலே மீன், முட்டை, வெங்காயம் எல்லாம் அடுக்கி, நான் பழகிய பழக்கத்தில் இன்னொரு துண்டால் மூடிக் கொடுத்தேன். துரைசாணி மேல் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். மறுநாளும் மூடினேன், மறுநாளும் எடுத்தார். மூன்றாவது தடவை அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"முத்தையா, ரொட்டியை மூடாதீர். எதை உண்கிறோம் என்பதை நாங்கள் கண்ணால் காண விரும்புகிறோம்."

தினம் ஒரு நன்றி

இங்கிலீஷ் துரை வாயிலிருந்து நமக்கு நன்றி வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேலை போய்விட்டது என்று அர்த்தம். இங்கே வந்த முதல் நாள் சாப்பாடு முடிந்ததும், துரை எழுந்து துரைசாணிக்குக் கைகொடுத்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "உணவுக்கு நன்றி, முத்தையா" என்றார் துரைசாணி.

நான் குடிசைக்குப் போய்த் துணிமணியைச் சுருட்டினேன். சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தேடி ஆள் அனுப்பித் திரும்ப அழைத்தார்கள். சாப்பிட்டு எழுந்தால் நன்றி சொல்வது அவர்கள் ஊர் வழக்கமாம். சரி என்று ராத்திரிச் சமையலைப் பார்த்தேன். அது முடிந்ததும் மறுபடி நன்றி. நடந்ததையெல்லாம் சொன்னபோது என் வீட்டுக்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நேரத்துக்கு நேரம் சோலிய விட்டு நிறுத்துற வீட்டுல எப்படிய்யா காலந்தள்ளுவ?"

பிறந்தநாள் கொடி

யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கொடி ஏற்றுவார்கள். சிவப்புத் துணி, நடுவே வெள்ளைச் சிலுவை. துரையின் பிறந்தநாளுக்கு விடிந்ததும் ஏற்றிவிட்டார்கள். கோழியும் அரிசியும் சீனியும் குரங்கணியிலிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். உச்சிப்பொழுது தாண்டியும் ஒருவரையும் காணோம். விருந்துக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வெறும் கேழ்வரகு ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், சுமைகாரர்கள் பாறை நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செவப்புக் கொடி பறக்குதேண்ணே, பாறைக்கு வெடி வைக்கிறாகன்னுல்ல நின்னுட்டோம்."

வெளியே தூங்கும் பிள்ளை

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி அவர்களுடைய கைக்குழந்தை. டென்மார்க்கில் பிள்ளைகளைப் பகலில் வெளியே குளிர்க்காற்றில்தான் தூங்கவைப்பார்களாம். நெஞ்சுக்கு நல்லதாம். மலையில் மஞ்சு இறங்கி எதிரே நிற்கும் ஆள் தெரியாத நாளிலும், குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் போட்டு மரத்தடியில் விட்டுவிடுவார் துரைசாணி. ஆயா செல்லத்தாயி மூன்று பெற்றவள். அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் உள்ளே தூக்கி வருவாள், துரைசாணி வெளியே கொண்டுபோவார். கடைசியில், "இனித் தூக்கினால் உனக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் கீழ்க்காட்டிலிருந்து, கூலியாட்களை மேய்க்கும் கங்காணி "ஆனை, ஆனை" என்று கத்தினார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்னே துரைசாணி ஓடினார். வாழைகள் முறிந்து கிடந்தன. யானை சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மரத்தடியில் தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. கம்பளி சேற்றில் மிதிபட்டிருந்தது. துரைசாணி மண்டியிட்டு அந்தக் கம்பளியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

அப்போது விறகுக் கொட்டகையிலிருந்து செல்லத்தாயி வந்தாள். பிள்ளை அவள் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. குளிருதே என்று திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு போய் ஒளிந்திருக்கிறாள். துரைசாணி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அன்றைக்கு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு அடுப்புப் புகை காரணமில்லை.

இத்தோடு இந்த வழக்கம் ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாள் வண்டியைத் தட்டி நிமிர்த்தி, வாசல் பக்கம் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்கள், அவ்வளவுதான். செல்லத்தாயி ஒரு தகர டின்னும் குச்சியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வெளிய போட்டு வளக்குறது சரித்தான் ஆத்தா. ஆனைக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வளக்கணும்."

பாயசத்தில் பருப்பு

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் ஒரு மரத்தை நட்டு, கைகோத்துப் பாடிக்கொண்டே சுற்றுவார்கள். வீட்டில் வேலை பார்க்கும் எல்லோரும் சுற்ற வேண்டும். கங்காணி தலைப்பாகையோடு சுற்றினார். பிறகு பால்சோறு. அதில் ஒரே ஒரு வாதுமைப் பருப்பை முழுசாகப் போட்டு மறைப்பார்கள். யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அந்த வருஷம் ஒரு நல்ல கம்பளிப் போர்வை வைத்திருந்தார்கள். பருப்பு கிடைக்கும்வரை சாப்பிட வேண்டும்.

சாப்பிட்டோம். மறுபடி பரிமாறினேன். பருப்பு வரவில்லை. கிடைத்தவர் வாயில் ஒதுக்கிக்கொண்டு விளையாடுவதும் உண்டாம், அதனால் துரை ஒவ்வொருவர் கன்னத்தையும் உற்றுப் பார்த்தார். பானை காலியானது. துரைசாணி என்னைப் பார்த்த பார்வையில், பருப்பைப் போடவே மறந்துவிட்டேன் என்று முடிவுகட்டியது தெரிந்தது. உப்பிய வயிறு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். கை கழுவப் போன இடத்தில் கங்காணி என் காதருகே வந்தார்.

"மொத வாயிலேயே ஒரு கல்லு கெடந்துச்சு அப்பு. நாலு பேரு முன்னால ஒம்ம மானம் போகக் கூடாதேன்னு முழுங்கிட்டேன்."

டென்மார்க் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாததால், அங்கிருந்து யாராவது சமையலுக்கு ஆள் கேட்டு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் என் கவலை.