சாய்ந்த தோள்

சின்னராசு வாத்தியாரைத் தோட்டத்தை விட்டுத் துரத்தியவள் நான்தான். பெரிய கங்காணி இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, வெள்ளைக்காரத் துரையும் இல்லை... நான்! ஒரு பாட்டைக் கட்டினேன். அது அவன் கட்டிய பாட்டு என்று ஊரை நம்ப வைத்தேன். பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு அவன் மழையில் இறங்கிப் போனதை எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் நின்று பார்த்தேன்.

கை தவறி நடந்ததல்ல. ஒரு வருஷம் யோசித்து, அடி அடியாய் அளந்து செய்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்மேல் வெறுப்பு வரலாம். வரட்டும்! ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு வெறுங்கள்.

என் பெயர் மூக்காயி. இலங்கையில், கேகாலைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். லயத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். மிச்சத் தமிழைச் சந்தையில் விற்கும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் கற்றுக்கொடுத்தன. அதனால்தான் எழுத உட்கார்ந்தால் இப்படி வருகிறது. வாயைத் திறந்தால் வேறு மாதிரி வரும்.

சின்னராசு எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு வாத்தியார். பாட்டுக் கட்டுவான், ஆட்டம் பழக்குவான், ரதி வேஷமும் அவனே கட்டுவான். அவன் மாசி மாதத்தில் ஒரு பாட்டுப் பாடினால், பங்குனிக்குள் ஓப்பநாயக்கவிலிருந்து கித்துல்கல வரைக்கும் எல்லாத் தோட்டத்துப் பாட்டுக்காரர்களும் அதே நடையில் ஆளுக்கொரு பாட்டுக் கட்டிவிடுவார்கள். அவன் ஓரிடத்தில் இழுத்தால் இவர்களும் இழுப்பார்கள். அவன் கிளியைக் கூப்பிட்டால் எல்லோர் பாட்டிலும் கிளி வந்து உட்காரும்.

மறைப்பானேன்? நானும் அவனைக் கேட்டுத்தான் பாட்டுக் கட்டப் பழகினேன். தண்ணீர் கொட்டும் பீலியடியில் குடம் நிரம்பி வழிய, மேட்டு லயத்தில் அவன் பாடிப் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். என் புருஷன் சிரிப்பார். "ஏ புள்ள, தண்ணி ஓடிருச்சு, வாத்தியாரு எங்கயும் ஓட மாட்டாரு" என்பார்.

என் புருஷன்... அவர் பெயரை எழுத மாட்டேன். சொல்லிப் பழக்கமில்லை.

சின்ன வயதிலிருந்து பால் வாளி தூக்கியவர். இடது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இருட்டில் வந்தாலும் அந்தச் சாய்வை வைத்தே அவர்தான் என்று கண்டுபிடித்துவிடுவேன். ஓர் ஐப்பசி மழையில், புது ரோட்டுக்குக் கல் உடைக்க அவரை அனுப்பினார்கள். மேலே இருந்து பாறை உருண்டது. சாக்கில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கு நான் வைத்த ஒப்பாரி இது:

கல்லொடைக்கப் போன தொரே – எடது
தோளு சாஞ்சு வந்த தொரே
பால்வாளி தூக்கித் தூக்கி
பழகிச் சாஞ்ச தோளு தொரே
நாலுபேரு தோளு மேல – இன்னைக்கு
நிமிந்து படுத்துப் போறீகளே!

சின்னராசுவின் மனைவி பொன்னாயிதான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூட அழுதாள். அவன் வெளியே ஆண்களோடு நின்றிருந்தான். சாவு வீட்டில் அழுத ஒப்பாரியை இன்னொரு இடத்தில் பாடக்கூடாது. அது எங்களுக்குள் எழுதாத கட்டுப்பாடு. பாடினால் இன்னொரு சாவைக் கூப்பிடுவதாகும். அதனால் அந்த வார்த்தைகள் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டன என்றே நினைத்திருந்தேன்.

மாசி வந்தது. காமன் பொட்டலில் மன்மதனை எரித்தார்கள். ரதி புலம்ப வேண்டிய நேரம். சேலை கட்டி, பூ வைத்து, கையில் காப்போடு சின்னராசு பந்தத்துக்கு முன்னால் வந்து நின்றான். பாடினான்...

"கரும்புவில்லு தூக்கித் தூக்கி, பழகிச் சாஞ்ச தோளு தொரே!"

 என் புருஷனின் தோள்! வாளி போய்க் கரும்பு வில் வந்திருந்தது, அவ்வளவுதான். "நாலுபேரு தோளு மேல" என்பதைக்கூட அவன் விடவில்லை. எரிந்து சாம்பலானவனுக்கு எதற்கய்யா நாலு பேர் தோள்? ஒருவரும் கேட்கவில்லை. பொட்டல் முழுக்க அழுதது. பெரிய கங்காணி மாலை போட்டார். "கரும்பு வில்லு தூக்கித் தோளு சாஞ்சிச்சாம்! எங்கேருந்துதான் இவருக்கு வருதோ!" என்று என் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாம் நாள் மன்மதன் உயிரோடு எழுந்துவிடுவான். கூத்து அப்படி. என் புருஷன் எழுந்தாரா?

மறுநாள் அவனைப் பீலியடியில் மறித்தேன்.

"வாத்தியாரே, அது எம் புருசனுக்கு நான் வெச்ச ஒப்பாரிங்க."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ! ஆறுதல் சொல்கிறவன் மாதிரிப் பேசினான்.

"தங்கச்சி, ஒப்பாரிய யாரும் கட்டுறதில்ல. அது தும்மல் மாதிரி, தானா வர்றது. நீ அழுத, அம்புட்டுத்தான். நாந்தான் அதப் பாட்டாக்குனேன். ஒம் புருசன் தோளு இப்ப நாலு மலைக்கும் தெரியும். சந்தோசப்படு."

தும்மலாம்!

நீங்கள் சொல்லுங்கள்... உங்கள் வீட்டுச் சாவை ஒருவன் எடுத்துக்கொண்டு போய், சேலை கட்டி ஆடி, மாலையும் வாங்கிக்கொண்டு, அது உன்னுடையதே இல்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து, இவன் அழிய வேண்டும் என்று நினைத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு அவன் சொன்னது நடக்கவும் செய்தது. எந்தத் தோட்டத்து ரதி புலம்பினாலும் மன்மதனின் தோள் சாய்ந்தது. தாலாட்டில் சாய்ந்தது, நலுங்குப் பாட்டில் மாப்பிள்ளைக்குச் சாய்ந்தது. தேங்காய் ஏற்றிப் போகும் சிங்கள வண்டிக்காரர் பண்டாகூட, வார்த்தை விளங்காமலே அந்த ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு மாட்டை ஓட்டினார். தோள் சாய்ந்தால் அது சின்னராசு பாட்டு, இல்லாவிட்டால் அவனைப் பார்த்துக் கட்டிய பாட்டு! ஊர் முடிவு செய்துவிட்டது.

அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

துரையின் நாய் செத்தது. வெள்ளையும் தவிட்டு நிறமுமான பெரிய நாய். பெரிய கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நாய் கிடந்த பலகைக்குத் தோள் கொடுத்தார். தப்பு அடிக்கச் சொன்னார். எல்லோருக்கும் அரை நாள் வேலையை நிறுத்தி, முழு நாள் கூலிக்குப் பேரும் போட வைத்தார். என் புருஷனைத் தூக்கிய நாலு பேருக்கு அன்றைக்குப் பேர் போடவில்லை, தெரியுமா உங்களுக்கு?

நாய்க்கு முன்னால் நான் குனிந்து நின்றேன். உள்ளே பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

அதை அவன் நடையில் கட்டினேன். அவன் எங்கே மூச்சு விடுவான், எங்கே இழுப்பான், எந்த இடத்தில் 'அடி' போடுவான்... எல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனை குடம் தண்ணீரை வழியவிட்டுப் படித்த படிப்பு!

தொரைவீட்டு நாய்செத்துப் போச்சுதடி – அதத்
தூக்கிச் சுமந்தாரு கங்காணி
எடது தோளுந்தான் சாஞ்சுதடி – அவரு
ஆத்தா செத்தன்னைக்கும் தோளு இப்பிடிச் சாயலியே!

கும்மிப் பாட்டு. மாசி பிறப்பதற்கு முன்னால், ஸ்டோர் வாசலில் பால் அளக்கக் காத்திருந்த பெண்களிடம் மெதுவாகப் பாடிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"யாரு புள்ள கட்டுனது?" என்றார்கள்.

நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. சிரித்தேன். "தோளு சாஞ்சிருக்கே, தெரியலியா?" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பொய்கூட இல்லை, பாருங்கள்!

என் புருஷனின் தோளைத் திருடினான். அந்தத் தோளாலேயே அவனை அடித்தேன்.

பாட்டு பத்து நாளில் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. பெரிய கங்காணியின் காதுக்கு வந்தபோது காமன் கூத்துக்குக் கம்பம் நட்டாகிவிட்டது, சின்னராசு கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவன் காமனை எரித்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அவன் குடும்பத்துக்கு ஆகாது. லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்குத் தெரியாதா?

தெரியும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்... எனக்குத் தெரியும்.

விடிகாலையில், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில், பேர் கூப்பிடுவதற்கு முன்பே பெரிய கங்காணி கத்தினார். "எந்த நாயிடா அந்தப் பாட்டக் கட்டுனது?"

 கணக்கப்பிள்ளைதான் இழுத்தார். "தோளு சாயிற பாட்டுன்னா... வேற யாருங்க?"

எல்லோருடைய கண்ணும் சின்னராசு பக்கம் திரும்பியது. அவன் கண் என் பக்கம் திரும்பியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது! தன் நடையில் தான் கட்டாத பாட்டு ஒன்று ஓடினால், அது யார் கட்டியது என்று பாட்டுக்காரனுக்குத் தெரியாமல் போகுமா? நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. சொல்லு, தும்மல்காரி கட்டினாள் என்று சொல்லு பார்ப்போம் என்று நின்றேன். சொல்லியிருந்தால் வேலையிலிருந்து என் பேரைத்தான் வெட்டியிருப்பார்கள். அதற்கும் துணிந்தே நின்றேன்.

அவன் கங்காணியைப் பார்த்தான்.

"நாந்தாங்க கட்டுனேன்."

 இதையுமா? இதையுமா எடுத்துக்கொள்கிறாய்!

அப்போதே பேர் வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் குடியிருந்த காம்பராவைக் காலி செய்ய உத்தரவு. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "காப்பு அவுக்கிற வரைக்கும் இருந்துக்கிறேங்க. வீட்டுல பொம்பள மாசமா இருக்கா." கங்காணி காறித் துப்பினார்.

மழை பிடித்துக்கொண்டது. பொன்னாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். என்னைப் பார்த்து, "வர்றேன்க்கா" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் தலையில் மூட்டையோடு என் வாசலில் நின்றான். கையில் மஞ்சள் காப்பு நனைந்திருந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நல்லாருந்துச்சு" என்றான். "கடேசி அடிதான் நீளம். தோளு மொதல்லயே வந்திருச்சு. ரெண்டாந்தடவ எதுக்கு?"

போய்விட்டான்.

அந்த வருஷம் காமனை எரிக்க ஆளில்லை. கம்பம் எரியாமலே நின்று மழையில் அழுகியது. சில நாள் கழித்துப் பண்டா வண்டியை நிறுத்திச் செய்தி சொன்னார். "அனே, பவ்! பாவம்! வாத்தியார் பொம்பளக்கி எட்டியாந்தோட்ட ரோட்டுல புள்ள பொறந்தது. செத்துப் பொறந்தது." லயமே, காப்பு எல்லை தாண்டியதால் வந்த வினை என்றது. கங்காணியைச் சபித்தது. நானும் கூட நின்று சபித்தேன். ஆமாம், சபித்தேன்!

பொன்னாயிக்காக அழுதேன். என் கழுத்தைக் கட்டி அழுதவளாயிற்றே. என்னைப் போலவே அவளையும் ஒரு சாவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டேனே என்று பால் மரத்தில் தலையை முட்டிக்கொண்டேன். அவனுக்காக மட்டும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பாடக்கூடாத ஒப்பாரியைப் பொட்டலில் பாடிச் சாவைக் கூப்பிட்டவன் அவன்தானே... என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லி முடித்த பிறகும் அந்தக் குழந்தை போகாது. அந்த ரோட்டிலேயே கிடக்கும்.

அவன் ஏன் ஒப்புக்கொண்டான்? என்னைக் காப்பாற்றவா? ஒரு சாவு வீட்டுப் பெண்ணிடம் பட்ட கடனை அப்படித் தீர்த்தானா? இல்லை, நல்ல பாட்டு என்று தெரிந்ததும் விட மனமில்லாமல் எடுத்துக்கொண்டானா? முதலாவது என்றால் நான் பாவி. இரண்டாவது என்றால் அவன் கடைசிவரை திருடன். இத்தனை வருஷமாக இரண்டாவதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி வழுக்குகிறது.

இப்போது பெரிய கங்காணி செத்துவிட்டார். துரை கப்பலேறிவிட்டார். அந்தப் பாட்டுக்கு மட்டும் சாவில்லை. போன மாசி கித்துல்கல பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் கோஷ்டி வந்தது. நாய்ப் பாட்டைப் பாடினார்கள். கூட்டம் கை தட்டியது. நானும் கும்மி கொட்டினேன். கடைசி அடி வந்தது...

"ஆத்தா செத்தன்னைக்கும் சாயலியே!"

என் கை அப்படியே நின்றது. தோள் இல்லை. வெட்டியிருந்தான்.

பாடியவனைக் கூப்பிட்டு யாரிடம் கற்றாய் என்று கேட்டேன்.

"சின்னராசு வாத்தியாருகிட்டத்தாங்கம்மா. இதக் கேட்டுத்தான் நாங்கல்லாம் பாட்டுக் கட்டவே பழகுனோம். போன வருசம் தவறிட்டாருங்க."

"அவரு கட்டுனதுதானா அது?"

"அதக் கேட்டா சிரிப்பாருங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான் கட்டினேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பயப்பட இனி யாரும் இல்லை. ஆனால் பாட்டு என்னுடையது என்றால் அந்த மழையும் என்னுடையது, எட்டியாந்தோட்டை ரோடும் என்னுடையது. வாயை மூடிக்கொண்டு லயத்துக்கு வந்தேன்.

கதவைச் சாத்திவிட்டு இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்தேன். என் அடி... பிறகு அவன் வெட்டிய அடி. மறுபடி என் அடி... மறுபடி அவன் அடி.

அவன் சொன்னதுதான் சரி. நான் கட்டியது நீளம்.

அதற்காகவும் அவனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் காலையில்கூட, பால் வெட்டப் போகும்போது, வாய் தானாக அவன் வெட்டியபடிதான் பாடியது.