அரைப் பேர் விழுந்த படம்

அன்றைக்கு மலையில் இருந்தவர்கள்.

என் அம்மா. அம்மாவின் தங்கச்சி, எனக்குச் சித்தி. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அத்தை. சொந்த அத்தை இல்லை, ஆனால் சொந்த அத்தைக்கு உள்ள வாய் உண்டு. காது சரியாகக் கேட்காத ஒரு பெரியம்மா. பதுளை டவுனில் இருந்து கல்யாணம் முடித்து வந்த புதுப்பெண், கொழுந்து எடுக்க வந்து மூன்றாவது வாரம். கங்காணி. கமெராவோடு நான்.

மலை என்று நாங்கள் சொல்வது தேயிலைக் காட்டை. அந்த மலைக்கு மேலே பாறையில் தண்ணி விழும். பெரிய அருவி இல்லை. மழைக்குப் பிறகு நன்றாக விழும்.

அது வியாழக்கிழமை. மறுநாளோடு அம்மாவுக்கு வேலை முடிகிறது. வயது அறுபது. தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிவிடுவார்கள். அம்மா அதற்கு அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கூடையோட நான் இவளுங்க கூட நிக்கிற மாதிரி ஒரு படம் புடிச்சுத் தாடா. ஐடென்டிட்டி கார்டுல இருக்கிறது யாரோ மாதிரி இருக்கு."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பத்து வருஷமாகப் பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கல்யாண வீடு, சடங்கு வீடு, பாஸ்போட் படம். ஊரில் எல்லாருடைய அம்மாவையும் பிடித்திருக்கிறேன். என் அம்மாவைப் பிடித்ததில்லை. கேட்கும்வரை அது எனக்குத் தோன்றவும் இல்லை.

அதே வாரம் பண்டாரவளையில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் ஒரு படம் கேட்டிருந்தார். அருவித் தண்ணி பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். முன்னால் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிற்க வேண்டும். வாசலில் மாட்டப் போகிறாராம்.

தண்ணி பஞ்சாக வேண்டும் என்றால் கமெரா நிறைய நேரம் திறந்திருக்க வேண்டும். பகலில் அப்படித் திறந்தால் படம் வெள்ளையாகப் போய்விடும். அதனால் லென்ஸுக்கு முன்னால் ரொம்பக் கறுப்பான கண்ணாடி போடுவார்கள். அதற்கென்று செய்த கண்ணாடியைப் பதுளையில் நான் கண்டதில்லை. ஹாட்வெயார் கடையில் வெல்டிங் அடிக்கிறவர்கள் முகத்துக்குப் போடும் கண்ணாடி ஒன்று வாங்கி, ரப்பர் பட்டி ரெண்டு போட்டு லென்ஸில் கட்டுவேன். கட்டிய பிறகு கமெராவில் கண் வைத்தால் இருட்டுத்தான். ஆளை நிறுத்துவது, இடம் பார்ப்பது எல்லாம் அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

இரண்டு வேலையையும் ஒரே படத்தில் முடிக்கலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் கெஸ்ட் ஹவுஸ் கதையைச் சொல்லவில்லை.

பத்து மணித் தேத்தண்ணிக்கு அவர்கள் நின்றபோது போனேன். வானம் மப்பாக இருந்தது. ஐந்து பேரும் நல்ல சேலை கட்டி, அதற்கு மேல் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். அம்மா சிவப்புச் சேலை. அம்மாவைப் புதுப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கமெராவை ஸ்டாண்டில் வைத்துக் கண்ணாடியைக் கட்டினேன்.

"என்னடா அது? எங்க மூஞ்சியப் பார்க்க கமெராவுக்கே கண்ணு கூசுதா?" என்றாள் அத்தை.

"ரெண்டு நிமிஷம் யாரும் ஆடக் கூடாது."

"ரெண்டு நிமிஷமா? தாலி கட்டுறப்பகூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருக்கல."

"வாயும் ஆடக் கூடாது அத்தை."

"அப்ப இவள விட்டுட்டு எடு," என்றார் கங்காணி. அவர் ஓரமாக நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி சிரித்தாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கூடையை நேராக்கி, கையைக் கீழே விட்டு, காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்பதுபோல நின்றாள்.

அமுக்கினேன். சத்தமாக எண்ணினேன், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று. நூற்றிருபது வரை எண்ண வேண்டும்.

இருபது. முப்பது. நன்றாக நின்றார்கள். பிறகு புதுப்பெண் முனகினாள். காலில் அட்டை ஏறியிருந்தது. டவுன் பிள்ளை. பயந்துபோய்க் கண்ணில் தண்ணி வந்துவிட்டது, ஆனாலும் நான் சொன்னதற்காகக் காலை எடுக்கவில்லை. அம்மா அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். முந்தியில் முடிந்திருந்த சவர்க்காரத் துண்டை எடுத்து அட்டையில் தேய்த்தாள். அது விழுந்ததும் ரத்தத்தைத் துடைத்து, விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தேன். நிறுத்தவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். தண்ணி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

அம்மா நிமிர்ந்து, கூடையைச் சரிசெய்து, மறுபடி கையைக் கீழே விட்டபோது நூற்றிருபது முடிந்திருந்தது.

ரப்பர் பட்டியைக் கழற்றிச் சாதாரணமாக ஒன்று அமுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? சட்டைப்பையில் போனும் இருந்தது. நான் தண்ணி எப்படி வந்திருக்கிறது என்று கமெராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேரு வேணுமா, போட்டோ வேணுமா? ஏறுங்க, ஏறுங்க," என்றார் கங்காணி. நாளுக்குரிய நிறைக்குக் கொழுந்து எடுத்தால்தான் செக்ரோலில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான். எல்லாரும் மலை ஏறினார்கள்.

"நல்லா விழுந்திருக்காடா?" போகிற போக்கில் அம்மா கேட்டாள்.

"நல்லா விழுந்திருக்கு."

மறுநாள் அம்மாவின் கடைசி நாள். போய்த் திரும்ப எடுத்திருக்கலாம். நான் ஸ்டூடியோவில் இருந்தேன். வெல்டிங் கண்ணாடி எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடும், முகத்தைக்கூட. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டிருந்தேன். தண்ணி பஞ்சாக வந்திருந்தது. நான்கு பெண்கள் மங்கல், ஆனால் ஆள் தெரியும். அம்மா நின்ற இடத்தில் ஒரு புகை. புகைக்குள் தேயிலைச் செடி தெரிந்தது.

கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு அந்தப் புகைதான் ரொம்பப் பிடித்தது. வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து நின்றுவிடுவார்கள் என்றார். தலையாட்டினேன். அது என் அம்மா என்று சொல்லவில்லை.

லயத்துக்குப் படம் கொண்டுபோக ஒரு மாசம் இழுத்தேன். பிரிண்ட் போடும் மெஷின் பழுது என்று சொன்னேன். பழுது இல்லை. அம்மா கூடையைப் புதுப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டார்கள். அத்தைதான் முதலில் பிடுங்கிப் பார்த்தாள்.

"மதினி! ஒங்க மகன் ஒங்களுக்கு அரைப்பேரு போட்டுட்டான்!"

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. அம்மா அரைப் பேர் வாங்கிய நாள் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. காய்ச்சலிலும் நிறை காட்டுகிறவள்.

அம்மா படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"நான் எங்கடா?"

விரலால் புகையைக் காட்டினேன்.

"நீங்க ஆடிட்டீங்கம்மா."

அதைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் முன்னால்.

"ஆமா, குனிஞ்சேன்ல," என்றாள். பிறகு மற்றவர்களிடம், "என்னால ஒங்க படமும் கெட்டுப்போச்சுடி," என்றாள். புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தேத்தண்ணி குடித்தேன்.

அடுத்த லீவுக்கு வந்தபோது கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை.

"வாங்கம்மா. மலைக்குப் போய் ஒண்ணு எடுப்போம். கூடைய வாங்கிக்கலாம்."

"பேரு வெட்டுனவ கூடையத் தூக்கிட்டு நின்னா அது வேஷம்டா."

வாசற்படியில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்.

"நீங்க ஆடுனதால கெடலம்மா. நீங்க குனிஞ்சத நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் எண்ணினேன். தண்ணிக்காக. அது கெஸ்ட் ஹவுஸுக்கு எடுத்த படம். திரும்ப ஒண்ணு எடுத்திருக்கலாம். எடுக்கல."

அவ்வளவு நீளமாக நான் அம்மாவிடம் பேசியதில்லை.

அம்மா அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நான் குனியிறப்ப எத்தன எண்ணியிருந்த?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியும்.

"நாப்பத்தொண்ணு."