காருக்குப் பிளக் போடும் ஊர்

“ஏம்மா, ஜெர்சி சிட்டி குளிருக்கே உனக்கு மூக்கு ஒழுகுது. நீ எங்க அலாஸ்கா போயி வேலை பாக்கறது? நவம்பர்ல அழுதுட்டே போன் பண்ணுவ பாரு.”

என்னை அமெரிக்காவுக்கு அழைத்து வந்த கன்சல்டிங் கம்பெனி முதலாளி கோயமுத்தூர்க்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜர்னல் ஸ்கொயர் கெஸ்ட் ஹவுஸில் ப்ராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருந்த எல்லோரும் கலிபோர்னியா, டெக்சாஸ் என்று தவம் கிடந்தோம். அலாஸ்காவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்துவிட்டது. நான் கை தூக்கினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், இன்ஜினியரிங்கும் முடித்தவள். குளிருக்குப் பயந்துவிட்டாள் என்று ஒருவர் சொல்ல இடம் கொடுப்பேனா?

போய் இறங்கிய ஊரின் பிறப்பே கொஞ்சம் கோமாளித்தனமானது. ஒரு வியாபாரி படகு நிறையச் சரக்கோடு ஆற்றில் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தானாம். ஆழம் போதாமல் படகு நின்றுவிட்டது. படகுக்காரர் அவனையும் சரக்கையும் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவன் முழித்துக்கொண்டு நிற்கையில் பக்கத்து மலையில் ஒருவனுக்குத் தங்கம் கிடைத்தது. அவ்வளவுதான், அவன் கடையைச் சுற்றி ஒரு நகரம் முளைத்துவிட்டது. தங்கம் குறைந்ததும் பாதி ஊர் காலி. பிறகு ராணுவம் வந்தது, எண்ணெய்க் குழாய் பதிக்க ஆட்கள் வந்தார்கள், நான் போனபோது மறுபடியும் தங்கம். ஊர்க்காரர்களும் அந்த வியாபாரி மாதிரிதான். யாரைக் கேட்டாலும் ஒரு கோடைக்கு மட்டும் வந்தேன் என்பார்கள். பக்கத்தில் பேரன் நிற்பான்.

எல்லாக் கார்களின் மூக்கிலிருந்தும் ஒரு ஒயர் தொங்கியது. கரண்டில் ஓடும் கார்கள், என்ன முன்னேற்றம் என்று வியந்தேன். பிறகுதான் தெரிந்தது, எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க அதற்குள் ஒரு சின்ன ஹீட்டர். ராத்திரி முழுக்கக் காருக்குப் பிளக் போட்டு, பானெட்டுக்குப் போர்வையும் போர்த்துவார்கள். எனக்குக் கிடைத்த அறை ஹீட்டரைவிட அது நன்றாக வேலை செய்தது.

சுரங்கத்தின் உதிரி பாகக் கிடங்குக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதுவது என் வேலை. டிசம்பரில் மேனேஜருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் குளிர் தாங்காமல் ஓடிவிட்டதால் அவருக்கு எங்களைப் போன்ற ஏஜென்சி ஆட்கள் மேல் நம்பிக்கை இல்லை. அன்றைக்குப் பார்த்துவிட்டு என்னை வைத்துக்கொள்வதா, பெஞ்சுக்கே திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின நாள் கெஸ்ட் ஹவுஸ் தோழிக்குப் போன் செய்தேன்.

“மாவு பொங்கவே மாட்டேங்குதுடி. அரைச்சு ரெண்டு நாளாச்சு.”

“ஓவன்ல லைட் போட்டு உள்ள வைடி.”

“ஓவன் இல்ல. வெறும் அடுப்புதான்.”

“அப்ப பிரெட் சாப்பிடு. உன்னை யாரு கை தூக்கச் சொன்னா?”

எனக்கு ரோஷம் வந்தது. நான் படித்த தெர்மோடைனமிக்ஸ் எதற்கு? மாவுத் தூக்கைத் துண்டில் சுற்றி, சுரங்கத்தில் எனக்குக் கொடுத்திருந்த காரின் பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் உட்கார வைத்தேன். பிளக் போட்டேன். போர்வை போர்த்தினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பிளக்கைப் பிடுங்க மறக்கவில்லை. போர்வையை மடிக்க மறக்கவில்லை.

சுரங்கத்துக்குக் காரில் மலையேறும்போது தோசை வாசனை வந்தது. வீட்டு நினைப்பில் மூக்குகூடப் பொய் சொல்லும் போலிருக்கிறது என்று கண் கலங்கினேன். வாசனை கருகலானது. சுரங்க வாசலை நெருங்கியபோது பானெட் இடுக்கில் புகை. காவலாளி தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்து, என்னை இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்தார். மாவு பொங்கியிருந்தது. பொங்கி மூடியைத் தள்ளி, எஞ்சின் மேலெல்லாம் வழிந்து, ஓரம் முறுகலாக ஒரு பெரிய தோசை. நடுவில் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

“இதுக்கு உயிர் இருக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இருக்கு, ஆனா கடிக்காது” என்றேன்.

அதற்குள் பின்னாலேயே வந்த மேனேஜர் இறங்கி எட்டிப் பார்த்தார். என்ன இது என்றார். என் காலை உணவு, இரவு முழுக்கச் சூடாக இருந்தால்தான் பொங்கும், என் அறையில் அந்த வசதி இல்லை, அதனால் காரில் வைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குனிந்து தோசையின் முறுகல் ஓரத்தைக் கார்ச் சாவியால் தட்டிப் பார்த்தார்.

“முன்னாடி வந்தவங்க காருக்குப் பிளக் போடக்கூடக் கத்துக்கல. நீ டிபனுக்கே போட்டிருக்க” என்றார். அப்புறம், “ப்ரோக்ராம் ஓடுமா, இல்ல அதுவும் பொங்குமா?”

ஓடியது. புளித்த வாடையோடு நின்று போட்டுக் காட்டினேன். கேட்ட உதிரி பாகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று திரையில் சரியாக வந்தது. மேனேஜர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், உறைந்து போயிருந்ததால் திறக்க முடியவில்லை. சாயங்காலம், அடுத்த குளிர்காலம் முடியும்வரை என்னைத் திரும்ப அழைக்க வேண்டாம் என்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் இரண்டு முறை கழுவியும் அந்தக் கார் சிக்னலில் நின்றால் தோசை வாசனை வந்து எனக்குப் பசித்தது. கற்களுக்குள் தங்கம் எப்படி வந்து உட்கார்ந்தது என்று இந்த ஊர்க் கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கிறார்கள். நானும் ஒரு ப்ராஜெக்டுக்கு மட்டும் வந்தவள்தான். பணம் கட்டிவிட்டேன். முதல் பாடத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தும் விட்டேன்.