என் மனசில் கேட்ட குரல்

எனக்குக் கலியாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில், என் கணவர் ஒரு மலை அணில் குட்டியைக் கொண்டுவந்தார். செம்பன் என்று பெயரிட்டு வளர்த்தோம். போன சாரல் காலத்தில் அது திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருந்த மனோசக்தி நிபுணர் ஒருவர், "அதன் எதிரே கண்ணை மூடி உட்காருங்கள் அம்மா. அது நினைப்பது உங்கள் மனசில் கேட்கும்" என்றார். அப்படியே உட்கார்ந்தேன். 'வீட்டுக்குப் போகணும்' என்று தெளிவாகக் கேட்டது. காட்டைத்தான் கேட்கிறது என்று அழுதுவிட்டேன்.

மறுநாள் அதைக் காட்டில் விட்டுவிடக் கூண்டில் வைத்து, வண்டி கட்டிக்கொண்டு இருவரும் ஐந்தருவிப் பக்கம் போனோம். கூண்டைத் திறந்ததும் செம்பன் என் தோளில் ஏறிக்கொண்டது. கடைசியாக ஒன்று தின்னட்டும் என்று பலாக்கொட்டையை நீட்டினேன். ஆவலாக வாங்கி, கடிக்க முடியாமல் நழுவவிட்டது. என் கணவர் அதன் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஏட்டி, இங்கன பாரு! பல்லு நீளமா வளந்து, வளைஞ்சு அண்ணத்துல குத்துது. காட்டுல விட்டிருந்தா பட்டினியிலயே செத்திருக்கும்."

உடனே திரும்பினோம். மாட்டு வைத்தியர் பல்லை நறுக்கிவிட்டார். சாயங்காலமே வாழைப்பழம் தின்றது.

"அப்போ வீட்டுக்குப் போகணும்னு சொன்னது யாரு?" என்று கணவர் சிரித்தார்.

புளியங்குடியில் என் பிறந்த வீட்டில் இருக்கும் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "நான்தான் போலிருக்கு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தி, "நாளைக்கே போயிட்டு வருவோம்" என்றார்.

இப்போது பல் தேயட்டும் என்று செம்பனுக்குத் தினமும் கொறிக்கக் கெட்டியான கொட்டை போடுகிறேன். சாப்பிடாவிட்டால் முதலில் அதன் வாயைப் பார்க்கிறேன். அம்மாவின் ஞாபகம் வந்தால், என் வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.